களிம்பு ஏறாத இணைப்பு: வீட்டு மின்வேலைக்கு ஏற்ற சால்டரிங் பொருட்கள்

இரண்டு உலோகத் துண்டுகளை உருக்காமல், அவற்றைவிட எளிதில் உருகும் மூன்றாவது உலோகத்தை இடையில் ஓடவிட்டுப் பிணைப்பதுதான் சால்டரிங். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மின்வேலைக்கான ஈயக்கம்பியோ 183 டிகிரியிலேயே நீராகிவிடும். உருகிய கம்பியில் உள்ள வெள்ளீயம் செம்பின் மேற்பரப்போடு வினைபுரிந்து, ஆறு பங்கு செம்பணுவும் ஐந்து பங்கு வெள்ளீய அணுவும் சேர்ந்த ஒரு புதிய சேர்மத்தை உண்டாக்குகிறது. சில மைக்ரான் தடிமனே உள்ள அந்த அடுக்குதான் இணைப்பின் உயிர். மேலே தெரியும் ஈயக்குமிழ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடியில் அந்த அடுக்கு உருவாகாவிட்டால் இணைப்பு இல்லை என்றே பொருள்.

அந்த அடுக்கு உருவாக, செம்பு வெறும் செம்பாக இருக்க வேண்டும். காற்றுப்பட்ட செம்பின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் படர்ந்திருக்கும். சூடாக்கினால் அது இன்னும் வேகமாக வளரும். ஈயம் அந்தப் படலத்தைக் கரைக்காது, அதன்மேல் உருண்டையாகத் திரண்டு நிற்கும். படலத்தை நீக்கி ஈயத்துக்கு வழிவிடுவது ஃப்ளக்ஸ் என்னும் துணைப்பொருள். வீட்டில் சால்டரிங் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோலான அயனையும் ஈயக்கம்பியையும் விசாரித்து வாங்குகிறார்கள். ஃப்ளக்ஸ் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டப்பாவோடு முடிந்துவிடுகிறது. காவிரிப் படுகை போன்ற ஈர நிலத்தில் மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய பொருள் அதுதான்.

ஒரத்தநாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றிலும் நெல்வயல். மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1930களில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் இப்பகுதிக்குப் பாசன நீர் தருகிறது. வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் வீட்டுச் சுவர் முதல் மோட்டார் கொட்டகையின் ஸ்டார்ட்டர் பெட்டி வரை எல்லாவற்றிலும் ஈரம் ஊறியிருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னையோடு மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டது. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அதுபோன்ற நாட்களில் ஒரு டார்ச் லைட்டின் அறுந்த கம்பியையோ சோலார் விளக்கின் பேட்டரி முனையையோ வீட்டிலேயே சரிசெய்துகொள்ளத் தெரிந்திருப்பது பெரிய உதவி. சரியான பொருளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

முதலில் ஈயக்கம்பி. பேச்சில் ஈயம் என்று ஒரே சொல்லால் குறித்தாலும், அதில் இருப்பவை இரண்டு உலோகங்கள்: 232 டிகிரியில் உருகும் வெள்ளீயம், 327 டிகிரியில் உருகும் காரீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு முழுக்க வெள்ளீயத்தால் ஆனது. தண்ணீர் இல்லாமல் அடுப்பில் ஏற்றினால் அது உருகி ஒழுகிவிடுவது காவிரி டெல்டா வீடுகளில் தெரிந்த செய்திதான். இந்த இரண்டையும் கலந்தால், கலவை இரண்டையும்விடக் குறைந்த வெப்பத்தில் உருகுகிறது. வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு என்ற அளவில் கலந்தால் 183 டிகிரியில் ஒரே நொடியில் திடத்திலிருந்து திரவத்துக்கு மாறும். ஆறும்போதும் அப்படியே ஒரே நொடியில் உறையும். விகிதம் இதிலிருந்து விலக விலக, இடையில் ஒரு கூழ் நிலை வந்து சேர்கிறது. 60/40 கம்பிக்கு அந்தக் கூழ் நிலை 183 முதல் 190 டிகிரி வரைதான், பொருட்படுத்த வேண்டியதில்லை. 50/50 என்றால் 215 டிகிரி வரை நீளும். வெள்ளீயம் 40, காரீயம் 60 என்று தலைகீழானால் 238 டிகிரி வரை போய்விடும்.

இந்தக் கூழ் நிலையில்தான் கெடுதல் நடக்கிறது. ஈயம் பாதி உறைந்து பாதி உறையாமல் இருக்கும்போது கை நடுங்கி கம்பி அசைந்தால், உள்ளே மயிரிழை விரிசல்கள் விழும். மேற்பரப்பு சொரசொரப்பாக, மங்கிப்போயிருக்கும். டி.வி. மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்று சொல்லும் குறைக்கு இது ஒரு முக்கியக் காரணம். தட்டினால் எரியும், விட்டால் அணையும் விளக்குகளில் இதைத்தான் முதலில் தேட வேண்டும். பழகாத கைக்கு 63/37 கம்பியே நல்லது. கிடைக்காத இடத்தில் 60/40. இதற்குக் கீழே போகக் கூடாது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் என்பதால், மலிவான கம்பியில் எது குறைக்கப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். உருளையின் லேபிளில் விகிதம் அச்சிடப்படாத கம்பியை வாங்காமல் விடுவதே மேல். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், காகிதத்தில் அதைத் தேய்த்துப் பார்க்கலாம்: காரீயம் மிகுந்த கம்பி பென்சில்போல் சாம்பல் நிறக் கோடு போடும். சுத்தமான செம்பில் உருக்கி, அசைக்காமல் ஆறவிட்ட பிறகும் பளபளப்பு வராமல் சாம்பல் பூத்து நின்றாலும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

கம்பியின் தடிமனும் கவனிக்கத்தக்கது. எல்.இ.டி. பல்பின் போர்டு, ரிமோட், சார்ஜர் போன்ற நுண்வேலைக்கு 22 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.7 மி.மீ. கம்பி போதும். ஒயரும் ஒயரும் சேரும் இடத்துக்கு 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மி.மீ. கம்பி. நுண்வேலையில் தடித்த கம்பியை வைத்தால் தேவைக்கு மேல் ஈயம் கொட்டி, பக்கத்துப் பக்கத்து முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

காரீயம் இல்லாத கம்பியும் இப்போது கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் புதிய மின்னணுக் கருவிகளில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகளும் புதிய கருவிகளில் காரீயத்துக்கு 0.1 சதவீத வரம்பு வைத்துள்ளன. அதனால் கடையில் வாங்கும் புதிய கருவிகளின் போர்டுகள் பெரும்பாலும் வெள்ளீயமும் சிறிது செம்பும், சிலவற்றில் வெள்ளியும் கலந்த ஈயத்தால் ஆனவை. வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 என்ற கலவை 217 டிகிரியில் உருகத் தொடங்கும். வெள்ளீயமும் 0.7 சதவீதம் செம்பும் மட்டும் கலந்தது 227 டிகிரி. அயனின் முனை அதற்கேற்பக் கூடுதலாகச் சூடேற வேண்டும். இணைப்பும் இயல்பாகவே சற்று மங்கலாகத்தான் இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், கொஞ்சம் கூடுதல் விலையும் கூடுதல் பொறுமையும் கொடுத்து இதைத் தேர்ந்தெடுப்பது நல்ல முடிவு. பழகும்வரை மட்டும் 63/37 கைக்கு இதமாக இருக்கும்.

பிஸ்மத் கலந்த ஈயம் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. வெள்ளீயம் 42, பிஸ்மத் 58 சேர்ந்த கலவை 138 டிகிரியிலேயே உருகும் என்பதால், வெப்பம் தாங்காத சில போர்டுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதன்மேல் காரீயம் கலந்த கம்பியை வைத்தால், மூன்றும் சேர்ந்து 96 டிகிரி அளவில் உருகும் கலவை உள்ளே உருவாகக்கூடும். கொதிக்கும் தண்ணீரின் சூட்டைவிடவும் அது குறைவு. நன்றாகச் சூடேறும் விளக்குக்குள் அந்த இணைப்பு நிலைக்காது. பழைய ஈயம் வழக்கத்தைவிட எளிதில் உருகுவதாகத் தெரிந்தால், அதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அதற்கு டீசால்டரிங் பம்போ, செம்பிழையால் பின்னிய விக் நாடாவோ உதவும்.

அடுத்து ஃப்ளக்ஸ். வீட்டு மின்வேலைக்கு ஏற்றது ரோசின்தான். பைன் மரப்பிசினிலிருந்து டர்பன்டைனை வடித்தெடுத்த பின் மிஞ்சும் திடப்பொருள் அது; வயலின் வில்லில் தேய்க்கும் ரோசினும் இதேதான். டெல்டாவின் சங்கீத வீடுகளில் அந்தக் கட்டி இருந்தால் அவசரத்துக்கு அதையே பயன்படுத்தலாம். ரோசினின் முக்கியப் பகுதி அபியெட்டிக் அமிலம். இது அறை வெப்பத்தில் கண்ணாடிபோல் உறைந்து, தண்ணீரில் கரையாமல், எதனோடும் வினைபுரியாமல் கிடக்கும். 170 டிகிரியைத் தாண்டி உருகும்போதுதான் அமிலமாக வேலை செய்து, செம்பின் ஆக்சைடைக் கரைக்கும். ஆறியதும் மறுபடி உறைந்து, கரைத்த அழுக்கையும் தன்னுள் பூட்டிக்கொள்ளும். அயன் தொடும் சில நொடிகள் மட்டும் அமிலம், மற்ற நேரமெல்லாம் காப்புப் பூச்சு என்ற இந்தக் குணம் வேறெந்த எளிய பொருளுக்கும் இல்லை. ரோசின் உட்கருவாக வைத்த ஈயக்கம்பியில் எடையில் 2 முதல் 3 சதவீதம் வரை அது இருக்கும். புதிய கம்பிகளை இணைக்க அதுவே பெரும்பாலும் போதுமானது. தனியாக எதுவும் பூச வேண்டியதில்லை.

சிக்கல் வட்ட டப்பாவில் விற்கும் பேஸ்டில் தொடங்குகிறது. அவற்றில் சில ரோசின் கலந்தவை. சில பெட்ரோலியம் ஜெல்லியில் துத்தநாகக் குளோரைடும் நவச்சாரமும் குழைத்தவை. இரண்டும் டப்பாவில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தெரியும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் காலங்காலமாக நவச்சாரத்தைத்தான் பயன்படுத்துகிறார், அது அவர் வேலைக்குச் சரியும்கூட. பாத்திரம் முழுவதையும் நெருப்பில் காய்ச்சி, பூசி முடித்ததும் தண்ணீரில் கழுவிவிடுகிறார், உப்பு மிச்சமில்லை. ஒயரில் வைத்த இணைப்பை அப்படிக் கழுவ முடியாது. உருகிய பேஸ்ட் இழைகளுக்கு இடையே உறிஞ்சப்பட்டு, பி.வி.சி. உறைக்குள்ளும் ஏறிப் போய்விடும். துத்தநாகக் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானே கசிந்து நீராகும் உப்பு. கசிந்ததும் அது தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும். வறண்ட ஊரில் பல வருடம் தள்ளிப்போகக்கூடிய அரிப்பு, ஒரத்தநாடு போன்ற இடத்தில் ஓர் அடைமழைக் காலத்துக்குள் தெரிந்துவிடும். முதலில் பச்சைக் களிம்பு பூக்கும். பிறகு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மிஞ்சிய இழைகளில் மின்சாரம் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது சூடேறும். ஈயம் வைத்த இடம் பளபளவென்று அப்படியே இருக்க, அதிலிருந்து கொஞ்சம் தள்ளி உறைக்குள் ஒயர் அற்றிருக்கும். இதனால்தான் பழுதின் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது. குற்றவாளி என்று ஈயத்தையோ அயனையோ சந்தேகிப்பவர்கள் டப்பாவை நினைப்பதில்லை.

டப்பாவில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மணல்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புக் கம்பித் துண்டில் அந்தப் பேஸ்டைப் பூசி, அயனால் சூடுகாட்டி ஆறவிட வேண்டும். ஈரத்துணி போட்ட மூடிய பாட்டிலுக்குள், தண்ணீர் நேரடியாகப் படாதபடி அதை ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும். பூசாத ஒரு துண்டும் கூடவே இருந்தால் ஒப்பிட வசதி. பூசிய இடத்தைத் தாண்டியும் பொடிப்பொடியாகப் பச்சை படர்ந்தால் அந்த டப்பா மின்வேலைக்கு ஆகாது. ரோசினிலும் லேசான பச்சைச் சாயல் வருவதுண்டு. அது ஆக்சைடைக் கரைத்ததால் ரோசினுக்குள் ஏறிய நிறம். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், பரவாது, சுரண்டினால் அடியில் செம்பு பளிச்சென்று இருக்கும். தொழிற்சாலைகளில் ஃப்ளக்ஸின் அரிக்கும் தன்மையை அறிய, கண்ணாடியில் படிய வைத்த மெல்லிய செம்புப் படலத்தின் மேல் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். அடிப்படையில் அதுவும் இதே சோதனைதான்.

வேலை முடிந்ததும் மிச்சமிருக்கும் ரோசினை ஒயர் இணைப்பில் அப்படியே விடலாம். நெருக்கமான முனைகளுள்ள போர்டில் மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் துடைப்பது நல்லது. அது எளிதில் தீப்பற்றும் என்பதால் சூடான அயனை அணைத்துத் தள்ளி வைத்த பிறகே பாட்டிலைத் திறக்க வேண்டும்.

எந்த உலோகத்தில் ஈயம் பிடிக்கும், எதில் பிடிக்காது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிதான் மிக எளிது; அடுத்து வெறும் செம்பு, பித்தளை. பழைய வீட்டு ஒயரில் உறையை உரித்ததும் கம்பி கருத்திருந்தால், ஃப்ளக்ஸை அள்ளிப் பூசுவதில் பயனில்லை. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிப் பின்னால் போக வேண்டும், அல்லது மணல்தாளில் தேய்த்துக் கருமையைப் போக்க வேண்டும். எவர்சில்வரின் குரோமியம் ஆக்சைடையும், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் போன்றவற்றின் நிக்ரோம் கம்பியையும் ரோசினால் ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடிந்தாலும் பயனில்லை. அந்தக் கருவிகளின் சூட்டில் ஈயம் ஒழுகிவிடும். அங்கே திருகோ ரிவெட்டோதான் இணைப்பு.

அலுமினியத்தை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் பெரும்பாலும் அலுமினியம். மீட்டர் வரை அது மின்வாரியத்தின் பொறுப்பு, வீட்டார் தொடக் கூடாது. ஆனால் விலை குறைந்த மோட்டார்களிலும் மின்விசிறிகளிலும் அலுமினியக் காயில் வருகிறது. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் போட்ட ஒயரும் செம்பு ஒயர் என்ற பெயரில் கடைக்கு வருகிறது. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கையில் எடை குறைந்திருக்கும். இந்திய ஒயர்களுக்கான ஐ.எஸ். 694 முத்திரையைப் பார்த்து வாங்கினால் இந்த ஏமாற்றத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அலுமினியத்தின் ஆக்சைடு 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும், ரோசினுக்கு அசையாது, சுரண்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்ப வளரும். அதோடு, செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி வினையால் அலுமினியம் அரிக்கப்பட்டுப் போகும். இந்த இரண்டையும் சேர்க்க நேர்ந்தால் அதற்கென்று செய்யப்பட்ட இரு உலோக லக்குகளை, அதாவது ஒயர் நுனியில் பொருத்தும் உலோக முனைகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அயனைப் பொறுத்தவரை 25 வாட் ஒன்று நுண்வேலைக்கும் மெல்லிய ஒயருக்கும், 60 வாட் ஒன்று தடித்த கம்பிக்கும் போதும். தடித்த செம்பு சூட்டை வாங்கி நெடுந்தூரம் கடத்திவிடும். 25 வாட் அயனை அதன்மேல் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஈயம் கூழாகவே நிற்கும், அதற்குள் ஒயரின் உறை உருகிவிடும். கிராமப்புற மின்சாரத்தின் இன்னொரு குணமும் இதில் சேர்கிறது. அக்கம்பக்கத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் தாழ்வது டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. சாதாரண அயனின் சூடு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 25 வாட் தரும் அயன் 180 வோல்ட்டில் 15 வாட் அளவுக்குத்தான் தரும். கை, ஈயம், ஃப்ளக்ஸ் எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு சொரசொரப்பாக வந்தால், விளக்கின் வெளிச்சத்தைக் கவனித்துவிட்டு, மோட்டார்கள் நின்ற நேரத்தில் வேலையைத் தொடரலாம். வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் அயன் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும். காரீயக் கம்பிக்கு 320 முதல் 350 டிகிரி, காரீயமில்லாததற்கு அதைவிட 20, 30 டிகிரி கூடுதலாக வைக்கலாம். முனையில் இரும்பு முலாம் பூசியிருந்தால் அதை அரம் போட்டுத் தேய்க்கக் கூடாது. முலாம் போனால் உருகிய வெள்ளீயம் உள்ளே இருக்கும் செம்பைக் கரைத்துக் குழியாக்கிவிடும்.

பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஈயத்தை வைக்கவே கூடாத இடங்கள் வீட்டில் உண்டு. ஈயத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 12 சதவீதம்தான். ஆகவே மின்சாரத்தைக் கொண்டுபோவது செம்பும் செம்பும் நேராகத் தொட்டு முறுக்கிய பகுதியாக இருக்க வேண்டும். ஈயம் அதைக் காற்றுப்படாமல் காத்து நிறுத்துவதோடு சரி. ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் மாணவர்களுக்கு முதலில் கம்பியை முறுக்கும் விதங்களைக் கற்றுக்கொடுத்து, பிறகே ஈயம் வைக்கச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

திருகால் இறுக்கும் முனைகளில், அதாவது ஸ்விட்ச், பிளக், எம்.சி.பி. போன்றவற்றில், பல இழை ஒயரின் நுனிக்கு ஈயம் பூசி இறுக்குவது பரவலான பழக்கம். நுனி பிரியாமல் அழகாக இருக்கும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். அது ஆபத்தான பழக்கம். உலோகங்கள் தம் உருகுநிலையை நெருங்க நெருங்க, அழுத்தத்தில் மெல்ல மெல்ல நெகிழ்ந்துகொடுக்கும். வெப்பத்தைத் தனிப்பூஜ்ஜியத்திலிருந்து அளந்தால் ஈயக்கம்பியின் உருகுநிலை 456 கெல்வின்; சித்திரை வெயிலின் 38 டிகிரி என்பது 311 கெல்வின். அதாவது சும்மா இருக்கும்போதே அது உருகுநிலையின் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்து நிற்கிறது. திருகின் அழுத்தத்தில் ஈயம் மாதக்கணக்கில் ஒதுங்கி ஒதுங்கிப் போக, இறுக்கம் தளரும். தளர்ந்த இடம் சூடேறும். சூடேற இன்னும் தளரும். வீட்டு மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலை, அழுத்தம் பெறும் முனைகளில் பல இழை ஒயரை ஈயத்தால் ஒன்றாக்குவதைத் தடுக்கிறது. அங்கே குழாய்போன்ற செம்பு முனையை நசுக்கிப் பொருத்துவதே முறை.

இன்வெர்ட்டரின் பேட்டரி ஒயரும் அப்படித்தான். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 600 வாட் எடுத்தால் ஒயரில் ஓடுவது 50 ஆம்பியர். இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே அங்கே 25 வாட் வெப்பம் பிறக்கும். அது ஒரு சால்டரிங் அயனின் முழு வெப்பம். ஈயத்தை மட்டும் நம்பிய லக்கு அந்தச் சூட்டில் தானாகவே கழன்றுவிடக்கூடும். எர்த் கம்பியிலும் ஈயத்தை மட்டும் நம்பக் கூடாது: பழுது வந்து பெரும் மின்னோட்டம் பாயும் நொடியில், உயிரைக் காக்க வேண்டிய அந்த நேரத்தில், உருகிப் பிரிந்துவிடும்.

மோட்டார் காயில் கட்டும் கடைகளில் இணைப்பு வைக்கும் விதத்தைக் கவனித்தால் இந்தப் பொருட்களெல்லாம் எப்படி ஒன்றுசேர்கின்றன என்பது விளங்கும். காயில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு உண்டு. பாலியூரித்தேன் எனாமல் என்றால் 370 டிகிரி அளவில் அயன் பட்டதும் தானே விலகும். மோட்டார்களில் வரும் பாலியெஸ்டர் வகை எனாமல் விலகாது, கத்தியாலோ மணல்தாளாலோ சுற்றிலும் சுரண்ட வேண்டும். முறுக்கி, ரோசினோடு ஈயம் வைத்து, வெப்பம் தாங்கும் ஸ்லீவை இழுத்து மூடி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கிறார்கள். போர்வெல்லுக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் ஒயர் இணைப்பு இதைவிடக் கடுமையான சோதனை, ஆயுள் முழுக்க அது தண்ணீருக்குள் கிடக்கப் போகிறது. அங்கே செம்புக் குழாயை நசுக்கிப் பொருத்தி, மேலே தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப் போடுவது வழக்கம். ஈயமும் வைப்பதானால் ரோசின் தவிர வேறெதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது. இது அந்த வேலை தெரிந்தவருக்கு உரியது, வீட்டில் முயல்வதற்கல்ல.

வீட்டு இணைப்பை மூட, வெறும் இன்சுலேஷன் டேப்பைவிடச் சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் பல மடங்கு மேல். டேப்பின் பசை கோடையில் இளகி வழிந்து, சுற்று தானாகவே அவிழ்ந்துவிடும். ஸ்லீவை ஈயம் வைப்பதற்கு முன்பே ஒயரில் கோத்து, சூடு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்திருக்க வேண்டும். ஈயத்தின் கூர்முனை எதுவும் துருத்தி நின்றால் ஸ்லீவைக் குத்திவிடும் என்பதால் அதை முதலில் சமனாக்கிக்கொள்ள வேண்டும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே எந்த ஒயரையும் தொட வேண்டும். எல்.இ.டி. பல்பின் போர்டிலும் மோட்டார் ஸ்டார்ட்டரிலும் இருக்கும் கெப்பாசிட்டர் மின்சாரத்தை அணைத்த பிறகும் அதிர்ச்சி கொடுக்கும்.

காரீயத்தைப் பற்றி இருக்கும் பயத்தில் ஒரு பாதி இடம் மாறிக் கிடக்கிறது. சால்டரிங் செய்யும்போது எழும் புகை காரீயம் அல்ல. காரீயம் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும். 350 டிகிரியில் அது ஆவியாவது மிக மிகச் சொற்பம். புகை ரோசினுடையது. ஆனாலும் அது தீங்கற்றதல்ல. தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பது மருத்துவம் நன்கறிந்த ஒன்று. ஜன்னலோரம் அமர்ந்து, காற்று முகத்தை விட்டு விலகிப் போகும்படி வைத்துக்கொள்ள வேண்டும். காரீயம் உடலுக்குள் போகும் உண்மையான வழி கைதான்: கம்பியைத் தொட்ட விரல், அதே விரலால் எடுத்த முறுக்கு. தரையில் சிதறிய ஈயத்துளியை எடுத்து வாயில் வைக்கும் குழந்தைக்கு ஆபத்து இன்னும் பெரிது. குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஈயக்கம்பியைப் பல்லால் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அன்றே விட வேண்டும். வேலைக்குப் பழைய தாம்பாளம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, சிதறிய துளிகளை ஒரு டப்பாவில் சேர்த்து, பழைய பேட்டரி வாங்குபவரிடமோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ கொடுத்துவிடலாம். வயலிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது.

சமையல் பாத்திரத்தின் பக்கம் இந்த ஈயக்கம்பி போகவே கூடாது. ஓட்டை விழுந்த பித்தளைத் தவலையையோ கைப்பிடி ஆடும் ஈயச்சொம்பையோ மின்வேலைக் கம்பியால் அடைத்தால், புளியும் எலுமிச்சையும் அதிலுள்ள 37 முதல் 40 சதவீதக் காரீயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். பாத்திரத்துக்கு வெள்ளீயம் மட்டுமே ஆகும். ஈயம் பூசுபவரிடம் கொடுக்கும்போதும் அவர் உருக்கும் கட்டி சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காகிதத்தில் தேய்த்துப் பார்க்கும் சோதனை அங்கேயும் உதவும். சாம்பல் கோடு விழுந்தால் அந்தக் கட்டி வேண்டாம்.